சிக்ரி கைகழுவாத நாள்

பேத்சோராவில் ஊர்வாசலுக்கு உள்பக்கமாக ஒன்பது கற்கள் போட்டிருக்கும். ஊர்ப் பெரியவர்கள் ஒன்பது பேரும் அதில் உட்கார்ந்துதான் வழக்குப் பேசுவார்கள். கடைசிக் கல் சிக்ரியுடையது. அவருடைய அப்பா செத்தபோது, கல் காலியாகக் கிடந்தால் பார்க்க நன்றாக இருக்காது என்று அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அப்போது அவருக்கு முப்பது வயது. இப்போது அறுபது. இந்த முப்பது வருடத்தில் அவர் மன்றத்தில் பேசியதையெல்லாம் கூட்டினால் ஒரே ஒரு சொல்தான் தேறும்: "ஆமா."

முதல் கல்லில் உட்காரும் மெசுல்லாம்தான் ஊருக்குத் தலைவர். எதைச் சொன்னாலும் கடைசியில் இந்தப் பக்கம் திரும்பி, "என்ன சிக்ரி?" என்பார். இவர் "ஆமா" என்பார். வழக்கு முடிந்தது. ஒரு வரப்புத் தகராறில் மெசுல்லாம் காலையில் ஒரு தீர்ப்பும், மத்தியானம் அதற்கு நேர் எதிராக இன்னொரு தீர்ப்பும் சொன்னார். சிக்ரி இரண்டுக்கும் ஆமா சொன்னார். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்த ஊருக்கும் அப்படி ஒரு ஆள் வேண்டித்தான் இருக்கிறது.

வீட்டில் பேசுகிற வேலையை அவர் மனைவி ஒக்லாள் பார்த்துக்கொண்டாள். பெண்கள் இரண்டு பேரையும் தூரத்து ஊர்களில் கட்டிக் கொடுத்த பிறகு அவளுடைய பேச்சைக் கேட்க மிச்சமிருந்தது சிக்ரியும் ஒரு கிடாரியும்தான். தாய்ப்பசு கன்று போட்ட மறுநாளே செத்துவிட்டதால் ஒக்லாள் அதற்குத் துணியை நனைத்துப் பாலூட்டி வளர்த்தாள். மல்காள் என்று பெயரும் வைத்தாள். அரசி என்று அர்த்தம். பிறந்து மூன்று வருடம் ஆகப்போகிறது. இன்னும் அதன் கழுத்தில் நுகம் பட்டதில்லை. "அரசி ஏர் உழுவாளா?" என்பாள். சிக்ரி பக்கத்து வீட்டு மாட்டைக் கேட்டு வாங்கி உழுதார்.

அந்த வருடம் கோதுமை அறுத்து, அடித்து, களத்தில் குவித்து நான்கு நாள் ஆகியும் தூற்ற முடியவில்லை. காற்று செத்துப் போயிருந்தது. ஐந்தாம் நாள் சாயங்காலம் மேற்கிலிருந்து நல்ல காற்று எழும்பியது. சிக்ரி கவைக்கம்பை எடுத்துக்கொண்டு களத்துக்கு ஓடினார். அள்ளி வீசினால் பதர் ஒரு பக்கம், மணி ஒரு பக்கம் என்று தானாகப் பிரிந்து விழுந்தது. அந்த நேரத்தில்தான் அந்த ஆள் வந்தான்.

முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு செருப்பின் வார் அறுந்து, சணல் கயிற்றால் கட்டியிருந்தான். களத்து ஓரமாக வந்து நின்றான். பதர் அவன் தாடியில் போய் ஒட்டியது.

"பெரியவரே, சாப்பிட ஏதாச்சும் கிடைக்குமா? ராத்திரி இங்கனயே ஓரமாப் படுத்துக்கறேன்."

சிக்ரி கம்பை நிறுத்தவில்லை. நிறுத்தினால் காற்று போய்விடும் என்று அவருக்குப் பயம்.

"ஆயின்கோப் கிட்டத்துலதான் இருக்கு. இருட்டறதுக்குள்ள போயிடலாம்."

"அங்க எனக்கு யாரையும் தெரியாதே."

"தெரியாட்டி என்ன? நல்ல சனங்க."

ஆயின்கோப் சனங்களை நல்லவர்கள் என்று பேத்சோராக்காரன் ஒருவன் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும். பொழுது சாய ஒரு நாழிகைதான் பாக்கி. ஆயின்கோப்புக்கு மூன்று நாழிகை நடை. அது சிக்ரிக்குத் தெரியும். அந்த ஆள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "சரி, வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் போனதை சிக்ரி திரும்பிப் பார்க்கவில்லை. கோதுமை சுத்தமாக வந்தது.

மூன்றாம் நாள் காலையில் ஆடு மேய்க்கப் போனவர்கள் இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கும் பொட்டல் வயலில் ஒரு பிணம் கிடப்பதாகச் சொல்லிக்கொண்டு ஓடிவந்தார்கள். முதுகில் கத்திக்குத்து. பையைக் காணவில்லை. குத்தியவன் யார், எந்தப் பக்கம் போனான் என்று யாருக்கும் தெரியவில்லை.

கொன்றவன் அகப்பட்டால் அவனோடு போயிற்று. அகப்படாவிட்டால் அந்த இரத்தம் மண்ணில் கிடக்கும். மண்ணுக்குச் சொந்தக்காரர்கள் பதில் சொல்ல வேண்டும். யார் பதில் சொல்வது என்றால், பிணத்துக்கு எந்த ஊர் கிட்டத்தில் இருக்கிறதோ அந்த ஊர். ஆகவே அளக்க வேண்டும். சடங்குகளை நடத்திவைக்கும் லேவி குலத்து ஆசாரியர் அசபியாவுக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் கழுதைமேல் இருமிக்கொண்டே வந்து சேர்ந்தார். ஆயின்கோப்பிலிருந்து பல்தி என்பவர் தலைமையில் பெரியவர்கள் வந்தார்கள். எல்லாரும் மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு பிணத்தைச் சுற்றி நின்றார்கள்.

சணல் கட்டிய செருப்பை சிக்ரி பார்த்தார். பார்த்துவிட்டு ஆகாயத்தைப் பார்த்தார்.

ஐம்பது முழக் கயிறு தயாராக இருந்தது. எங்கிருந்து அளப்பது என்பதில்தான் சிக்கல். செத்தவன் தலையை ஆயின்கோப் பக்கமும் காலை பேத்சோரா பக்கமும் வைத்து விழுந்திருந்தான்.

"மூக்குலருந்துதான் அளக்கணும்" என்றார் மெசுல்லாம். "மூச்சு அங்கதான இருக்கு?"

"தொப்புள்லருந்து அளக்கணும்" என்றார் பல்தி. "புள்ள உருவாகறதே அங்கருந்துதான். மூக்கெல்லாம் பின்னால வந்தது."

"அப்ப நீ தொப்புளாலயா மூச்சு விடற?"

"நீ காலால யோசிக்கலியா, அந்த மாதிரி."

அசபியா இருமி முடித்துவிட்டு மூக்கு என்று தீர்ப்புச் சொன்னார். மெசுல்லாம் முகம் மலர்ந்தது. இரண்டு பக்கமும் கயிறு பிடித்து அளந்தார்கள். முள்ளிலும் பாறையிலும் ஏறி இறங்கி, பொழுது உச்சி தாண்டிவிட்டது. பேத்சோராதான் பதினெட்டு முழம் கிட்டத்தில் இருந்தது. மூக்கிலிருந்து அளந்தும்கூட.

கயிறு புதரில் மாட்டித் தொய்ந்துவிட்டது, மறுபடி அளக்க வேண்டும் என்றார் மெசுல்லாம். மறுபடி அளந்தார்கள். இந்தத் தடவை இருபத்திரண்டு முழம் வந்தது. அதற்குமேல் யாரும் அளக்கச் சொல்லவில்லை. ஆயின்கோப்காரர்கள் ஆசாரியரைக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். போகும்போது பல்தி, "துக்கம் விசாரிச்சதாச் சொல்லுங்க" என்றார். யாரிடம் என்று சொல்லவில்லை.

செத்தவனை அந்த இடத்திலேயே புதைத்தார்கள். பிறகு அசபியா சொன்னார்: "வேலை செய்யாத கிடாரி ஒண்ணு வேணும். நுகம் பட்டிருக்கக் கூடாது. உழாத, விதைக்காத ஓடைப் பள்ளத்துல வச்சுக் கழுத்தை முறிக்கணும். ஓடையில தண்ணி ஓடணும்."

எட்டுப் பெரியவர்களும் சிக்ரியைப் பார்த்தார்கள். ஊரில் நுகம் படாத கிடாரி ஒன்றுதான் இருந்தது.

"என்ன சிக்ரி?" என்றார் மெசுல்லாம்.

"ஆமா" என்றார் சிக்ரி.

இந்தத் தடவை அந்தச் சொல்லில் அவருக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. நம் வீட்டு மாட்டையே கொடுத்துவிட்டோம், இதோடு சரியாகிவிடும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார்.

ஒக்லாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். சொன்னதும் வாளியைக் கீழே வைத்தாள்.

"கொன்னவன் எவனோ. செத்தவன் எவனோ. நடுவுல எம் மல்கா என்னங்க பண்ணினா?"

"வேதப் பிரமாணம் அப்படி."

"ஊருல வேற மாடே இல்லியா?"

"எல்லாம் உழுத மாடு."

"ஆக, செல்லமா வளத்தது என் தப்பு. அன்னிக்கே நுகத்தைப் பூட்டியிருந்தா இன்னிக்கு அது உசிரோட இருக்கும். இதைத்தான சொல்ல வர்றீங்க?"

அவர் எதையும் சொல்ல வரவில்லை. அன்று வீட்டில் அடுப்பு எரிந்தது, ரொட்டி சுட்டாயிற்று, பேச்சு மட்டும் இல்லை. மறுநாள் காலையில் மல்காளின் கொம்புக்கு எண்ணெய் தடவி, நெற்றியை ஒருமுறை முகர்ந்துவிட்டு, ஒக்லாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கயிற்றை சிக்ரிதான் பிடித்துக்கொண்டு போனார். கிடாரி எங்கேயோ மேய்ச்சலுக்குக் கூட்டிப் போகிறார்கள் என்று நினைத்து அவருக்கு முன்னால் நடந்தது.

ஊருக்குக் கீழே பள்ளத்தில் ஓடை கோடையிலும் ஓடும். சுற்றிலும் கல்லும் முள்ளும். யாரும் ஏர் வைத்ததில்லை. மெசுல்லாம் கோடரியைப் பின்கழுத்தில் போட்டார். அவருக்கும் வயதாகிவிட்டது; ஒரே வெட்டில் முடியவில்லை. முடிந்த பிறகு எல்லாரும் கொஞ்ச நேரம் ஓடைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

இனி கை கழுவ வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் ஒவ்வொருவராகக் கிடாரியின்மேல் கையைக் கழுவி, சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். மெசுல்லாம் முதலில் கழுவினார்.

"எங்கள் கைகள் இந்த இரத்தத்தைச் சிந்தவில்லை. எங்கள் கண்கள் காணவில்லை."

நல்ல கணீர்க் குரல். இரண்டாவது ஆள் ஏலேஸ் கழுவினார், சொன்னார். மூன்றாவது, நான்காவது என்று வரிசையாக வந்தது. கடைசியில் சிக்ரி முறை. குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றக் காத்திருந்தார்கள். அவர் கையை நீட்டவில்லை.

"நீட்டு சிக்ரி" என்றார் மெசுல்லாம்.

"நான் பாத்தேன்."

"என்னது?"

"அவன் எங்கிட்ட வந்தான். சாப்பாடு கேட்டான். படுக்க இடம் கேட்டான். ஆயின்கோப்புக்குப் போகச் சொன்னேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "காத்து நல்லா அடிச்சுது" என்றும் சேர்த்துக்கொண்டார்.

முப்பது வருடத்தில் அவர் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதை யாரும் கேட்டதில்லை. மெசுல்லாமின் கை ஈரம் இன்னும் காயவில்லை.

"ஏய்யா, முப்பது வருசமா வாயே திறக்கல. திறக்கறதுக்கு இன்னிக்குத்தான் நாள் பாத்தியா? மாடு செத்தாச்சு. கழுவிட்டுப் போய்ச் சேருவியா!"

அசபியா குறுக்கே வந்தார். "குத்தினதைப் பாத்தீங்களா?"

"இல்லீங்க ஐயா."

"குத்தினவனைத் தெரியுமா?"

"தெரியாதுங்க. ஆனா இருட்டறதுக்குள்ள போக முடியாதுன்னு எனக்குத் தெரியும். போயிடலாம்னு சொன்னேன்."

அப்போது ஏலேஸ் தொண்டையைச் செருமினார். கழுவிய கையை மேலாடையில் துடைத்துக்கொண்டே தரையைப் பார்த்துச் சொன்னார்:

"எங்க வீட்டுக்கும் வந்தான்."

"நீயுமா?" என்றார் மெசுல்லாம்.

"நான் வீட்டுல இல்லேன்னு சொல்லச் சொன்னேன். எம் பொண்டாட்டி சொல்லிட்டா. உள்ள உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தேன். நல்ல குரல். 'பரவால்ல தாயி'ன்னு சொல்லிட்டுப் போனான்."

அதன்பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஐந்தாம் கல்காரர் தன் வீட்டில் ஆள் அதிகம் என்று சொல்லி ஏலேஸ் வீட்டைக் காட்டியிருக்கிறார். ஏழாம் கல்காரர் கிணற்றடியில் தண்ணீர் மட்டும் கொடுத்து, களத்தில் சிக்ரி இருப்பார், அவர் யாருக்கும் இல்லை என்று சொல்லமாட்டார் என்று அனுப்பியிருக்கிறார். எட்டாம் கல்காரர் நாயை அவிழ்த்துவிட்டிருக்கிறார். கடிக்கிற நாய் இல்லை என்று சத்தியம் செய்தார். ஆக, செத்தவன் ஊரில் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறான். மீதி மூன்று பேர் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். சாயங்காலத்தில் என்ன தூக்கம் என்று யாரும் கேட்கவில்லை.

கடைசியில் எல்லாரும் மெசுல்லாமைப் பார்த்தார்கள். ஊர்வாசல் வழியாக வராமல் யாரும் ஊருக்குள் வர முடியாது. வாசலில் முதல் கல் அவருடையது.

மெசுல்லாம் கீழே கிடந்த கோடரியைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"முன்பல்லு ஒண்ணு இல்ல அவனுக்கு" என்றார். "சிரிச்சான். உள்ள போய்க் கேட்டுப் பாருன்னு நாந்தான் அனுப்பிச்சேன்."

அசபியா ஒரு கல்லைத் தேடி உட்கார்ந்தார். மறுநாள், வேலையும் பயணமும் கூடாத ஓய்வுநாள். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போக வேண்டும். ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"எங்க அப்பா மூணு கிடாரிக்கு நின்னிருக்கார்" என்றார். "நான் ரெண்டுக்கு நின்னிருக்கேன். எல்லாரும் காணலைன்னுதான் சொன்னாங்க. கண்டோம்னு யாரும் சொன்னதில்ல."

"இப்ப என்னய்யா பண்றது?" என்றார் ஏலேஸ்.

"கை சிந்தலைங்கறது நிசம். அதைச் சொல்லலாம். கண்ணைப் பத்தின சொல்லு கொன்னதைத்தான் குறிக்குதுன்னு வச்சுக்கிட்டா அதையும் சொல்லிடலாம். யாரும் உங்களைக் கேக்க முடியாது." கொஞ்சம் இருமினார். "ஆனா இங்க கேக்கறவன் யாருன்னு உங்களுக்கே தெரியும்."

அசபியா எழுந்து, குடத்தை மறுபடி நிரப்பச் சொன்னார். ஒன்பது பேரும் மறுபடி வரிசையில் நின்றார்கள். இந்தத் தடவை சிக்ரியை முதலில் நிற்கச் சொன்னார். அவர் கையை நீட்டினார்.

"எங்கள் கைகள் இந்த இரத்தத்தைச் சிந்தவில்லை" என்று சொல்லிவிட்டு நின்றார். அடுத்து என்ன சொல்வது என்று ஆசாரியரைப் பார்த்தார். ஆசாரியர் ஓடையைப் பார்த்தார்.

"எங்கள் கண்கள் அவனைக் கண்டன" என்றார் சிக்ரி. "சோறு போடலை. கூடப் போகலை. கர்த்தாவே, மன்னியும்."

மற்ற எட்டுப் பேரும் அதையே சொன்னார்கள். தூங்கிய மூன்று பேரும் சொன்னார்கள். மெசுல்லாமின் குரல் இந்தத் தடவை கணீரென்று இல்லை.

ஆசாரியர் கழுதையில் ஏறும்போது ஏலேஸ் அருகே போய், "இது செல்லுமாய்யா?" என்று கேட்டார்.

"கிடாரி செல்லும். தண்ணி செல்லும். உங்க வார்த்தை எனக்குத் தெரியலை. இதுவரைக்கும் நான் கேட்டிராத வார்த்தை அது. வர்றேன்."

இரண்டே நாளில் சேதி ஆயின்கோப்புக்குப் போய்விட்டது. பேத்சோராக்காரனிடம் வழி கேட்டால் குழிக்கு வழி சொல்லுவான் என்று சந்தையில் பேசிச் சிரித்தார்கள். ஊர்க்காரர்களுக்கு சிக்ரிமேல் கோபம். அந்த ஆளை அனுப்பியதற்காக இல்லை. அதைத்தான் எல்லாரும் செய்திருந்தார்கள். வாயைத் திறந்ததற்காக. மெசுல்லாம் சில மாதம் "என்ன சிக்ரி?" என்று கேட்பதை நிறுத்திவைத்தார். தீர்ப்புகள் வழக்கம்போலத்தான் இருந்தன.

ஒக்லாளிடம் அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் சொன்னார். அவள் பயறு புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தை நிறுத்தினாள்.

"நம்ம வீட்டுப் பக்கம் வந்தானா அவன்?"

"இல்ல. களத்துக்கு மட்டுந்தான்."

"வீட்டுக்கு அனுப்பியிருக்கலாமே? உள்ள ரொட்டி இருந்துச்சே."

"ஆமா."

"வந்திருந்தா நான் போட்டிருப்பேன்."

"தெரியும்."

அவள் அவரையே பார்த்தாள். "அதான் அனுப்பல நீங்க. போட்டிருப்பேன்னு தெரிஞ்சுதான் அனுப்பல. போட்டா படுப்பான். படுத்தா காலையில ஒரு வேளை. அப்படித்தான?"

சிக்ரி இதுவரை அப்படி யோசித்திருக்கவில்லை. இப்போது யோசித்துப் பார்த்தார். அப்படித்தான் இருந்தது.

ஓய்வுநாள் கழிந்ததிலிருந்து அவள் ஐந்து ரொட்டி அதிகமாகச் சுட்டாள். எதற்கு என்று சொல்லவில்லை. சிக்ரி அதைத் துணியில் கட்டிக்கொண்டு ஊர்வாசலில் போய் நின்றார். வழிப்போக்கர்கள் வந்தால் ரொட்டியைக் கொடுத்து, அவர்களோடு அடுத்த ஊர் தெரிகிற மேடு வரை நடந்தார். எல்லாருக்கும் இது பிடித்தது என்று சொல்ல முடியாது. கம்பளி வியாபாரிகள் இரண்டு பேர் அவரைக் கொள்ளைக்கூட்டத்து ஆள் என்று நினைத்துக் கழுதைகளை ஓட்டிக்கொண்டு ஓடினார்கள். அவரும் ரொட்டியோடு பின்னால் ஓடினார். இன்னொருவன், "பெரியவரே, ஒரு நாழிகையா பேசாம வர்றீரே, பயமா இருக்கு, ஏதாச்சும் பேசும்" என்றான். அதன்பிறகு வழியில் தெரிகிற மரங்களின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்.

ஒலிவப் பழம் உதிர்க்கிற காலத்தில் ஒரு பெண் வந்தாள். பெயர் நாராள். இரண்டு நாள் நடையில் இருக்கும் ஒரு மலையூர். வாசலில் நின்று, ஓகாத் என்று ஒருத்தர் இந்த வழியாகப் போனாரா, முன்பல் ஒன்று இருக்காது, என்று கேட்டாள்.

ஒன்பது பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

சிக்ரி அவளைப் பொட்டல் வயலுக்குக் கூட்டிப் போனார். புதைத்த இடத்தின்மேல் இருந்த கல் குவியலைக் காட்டினார். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்துக் கொஞ்சம் தள்ளி நின்றார். அவள் அழவில்லை.

"அவங்கப்பாவோட சண்டை போட்டுட்டுக் கிளம்பினாரு. பத்து நாள்ல வந்துடுவேன்னாரு" என்றாள். "என்ன பண்ணினீங்க அவருக்கு?"

"ஒரு கிடாரியோட கழுத்தை முறிச்சோம்."

"கிடாரி என்ன பண்ணுச்சு?"

"எங்க வீட்டுல அவளும் இதையேதான் கேட்டா" என்றார் சிக்ரி.

நாராள் வந்தது அழுவதற்கு இல்லை. அவளுக்குச் சாட்சி வேண்டியிருந்தது. புருஷன் செத்தான் என்று இரண்டு பேர் அவள் ஊர் மன்றத்தில் வந்து சொன்னால்தான் அவள் விதவை. சொல்லாதவரை அவள் பெண்டாட்டியும் இல்லை, விதவையும் இல்லை. மாமனார் வீட்டில் மாவரைத்துக்கொண்டு கிழவியாக வேண்டியதுதான். "அவரைப் பாத்தவங்க யாராச்சும் உண்டா?" என்று கேட்டாள்.

பேத்சோராவில் அவனைப் பார்க்காதவர்கள்தான் குறைவு. உயிரோடு பார்த்திருந்தார்கள், பிணமாகவும் பார்த்திருந்தார்கள். வாசலில் உட்கார்ந்து ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒருவருக்குப் பல், ஒருவருக்குக் குரல், ஒருவருக்கு மணிக்கட்டில் இருந்த தீக்காயம். நாய்க்காரருக்கு அவன் ஓடிய விதம். ஒரு பிடி சோறு போடாதவர்கள் அவனை எவ்வளவு நன்றாகப் பார்த்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தபடியே நாராள் அவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரு வர்றீங்க?" என்றாள்.

மெசுல்லாமுக்கு முழங்கால் வலி. அது உண்மையும்கூட. சிக்ரியும் ஏலேசும் கிளம்பினார்கள்.

அந்த மலையூரின் மன்றத்தில் பன்னிரண்டு கற்கள். கூட்டமும் நிறைய. முன்னால் ஓகாத்தின் அப்பாவும் அம்மாவும் நின்றார்கள். சிக்ரி தன் ஊர் மன்றத்திலேயே பேசாதவர். இருந்தாலும் செருப்பிலிருந்து ஆரம்பித்துச் சொன்னார். ஏலேஸ் குரலைச் சொன்னார். மன்றத்தார் கேட்டதற்கெல்லாம் பதில் பொருந்திவந்தது. அவன்தான், செத்துவிட்டான் என்று முடிவு செய்தார்கள். நாராள் அப்போதுதான் கீழே உட்கார்ந்தாள்.

கூட்டம் கலையப் போனபோது ஓகாத்தின் அம்மா கேட்டாள்:

"உங்க ஊருல சாப்பிட்டானா எம் புள்ள?"

அது வழக்குக்குத் தேவையான கேள்வி இல்லை. மன்றத்தார் யாரும் பதில் சொல்லச் சொல்லவில்லை.

"இல்லம்மா" என்றார் சிக்ரி.

அவள் பக்கத்திலிருந்த தன் வீட்டுக்குள் போனாள். அடிக்கத்தான் எதையோ எடுக்கப் போகிறாள் என்று ஏலேஸ் நினைத்தார். இரண்டு தட்டில் பயற்றங்கூழும் ரொட்டியும் கொண்டுவந்து அவர்கள் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடுங்க."

கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். ஏலேசுக்கு ஒரு வாய்க்குமேல் இறங்கவில்லை. அழ ஆரம்பித்துவிட்டார். சிக்ரி முழுவதையும் சாப்பிட்டார். மிச்சம் வைத்தால் இதைவிடப் பெரிய தப்பாகிவிடும் என்று அவருக்குப் பட்டது. தட்டைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது, "இன்னும் கொஞ்சம் போடட்டா?" என்று கேட்டாள். "போடும்மா" என்றார். அதையும் சாப்பிட்டார்.

திரும்பும் வழியில் ஏலேஸ், "எப்படிய்யா உன்னால திங்க முடிஞ்சுது?" என்று கேட்டார்.

"முடியல. தின்னேன்" என்றார் சிக்ரி.

நாராள் இரண்டு வருடம் கழித்து ஒரு குயவனைக் கட்டிக்கொண்டதாகச் சேதி வந்தது. ஓகாத்தைக் கொன்றவன் கடைசிவரை அகப்படவில்லை. கிடாரி விழுந்த பள்ளத்தில் பிரமாணப்படி யாரும் உழவில்லை. ஒக்லாள் மட்டும் வருடத்தில் ஒருநாள் அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வருவாள். சிக்ரியைக் கூப்பிடமாட்டாள்.

சிக்ரி எழுபத்திரண்டு வயது வரை வழிப்போக்கர்களோடு நடந்தார். கடைசி வருடங்களில் அவர் மெதுவாக நடந்ததால், கூட வந்தவர்கள் அவரைக் கைத்தாங்கலாக மேடு வரை கொண்டுபோய்விட்டு, திரும்ப வீட்டில் விட்டுவிட்டு, அதற்குப் பிறகு தங்கள் பயணத்தைத் தொடர வேண்டியிருந்தது. இதனால் சிலர் இருட்டுவதற்குள் அடுத்த ஊர் போய்ச்சேர முடியாமல் பேத்சோராவிலேயே படுத்தார்கள். ஒக்லாள் எல்லாருக்கும் பாய் போட்டாள்.

அவர் செத்த வாரம் மன்றத்தில் பேச்சு எழுந்தது. இனி யார் நடப்பது? ஆளுக்கு ஒரு வாரம் என்று முறை வைத்தார்கள். முதல் வாரம் மெசுல்லாமுக்கு விழுந்தது. எண்பது வயதில், முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு, ஓயாமல் பேசும் ஒரு நறுமணச் சரக்கு வியாபாரியோடு அவர் ஊர்வாசலை விட்டு இறங்கினார். மேடு வரும் வரை அந்த ஆள் வாயை மூடவில்லை. மெசுல்லாம் ஒரு வார்த்தைகூடப் பேச முடியாமல் தலையை ஆட்டிக்கொண்டே நடந்தார்.